தானாக உட்காருகிறாள்

எங்கள் வீட்டில் ஏழு நாற்காலிகள் இருக்கின்றன. ஆறு கடையில் வாங்கியவை. அவற்றில் ஒன்றுக்குக் கைப்பிடி உடைந்துவிட்டது, இன்னொன்று சிமெண்டுத் தரையில் நொண்டும். ஏழாவது, என் மகன் தன் மகளுக்காகச் செய்தது. பார்த்தவர்கள் எல்லோரும் எங்கே வாங்கினீர்கள் என்றுதான் கேட்பார்கள். அவ்வளவு திருத்தமான வேலை. அந்தத் திருத்தத்தினால்தான் அரசாங்கத்திலிருந்து எங்களுக்கு வரவேண்டிய உதவித்தொகை ஒருமுறை வராமல் போயிற்று.

பேத்திக்கு ஒன்பது முடிந்து பத்து நடக்கிறது. பிறந்த நேரத்தில் மூளைக்கு மூச்சு போதாமல் போனதால் வந்த முடக்குவாதம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். கழுத்து நிற்காது. கைகால்கள் சில நேரம் நனைந்த துணி மாதிரி துவளும், சில நேரம் விறைத்துக் கட்டையாகிவிடும். பேச்சு இல்லை. ஆனால் சிரிப்புக்குக் குறைவில்லை. அவளுடைய சிரிப்பை நான் ஆறு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறேன். மருமகள் ஏழு என்கிறாள்.

என் மகன் லாரி ஓட்டியவன். அருப்புக்கோட்டையிலிருந்து குஜராத் வரை போய், அங்கிருந்து பருத்திப் பேல் ஏற்றிக்கொண்டு நம் பக்கத்து மில்களில் இறக்குவான். பேத்தி சின்னவளாக இருந்தவரை மருமகள்தான் பார்த்துக்கொண்டாள். பிள்ளை வளர வளர எடை கூடியது. தூக்கித் தூக்கி மருமகளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அப்போது இருவரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். மருமகள் நூல் மில்லுக்குப் போவது, மகன் லாரியை விட்டுவிட்டு வீட்டில் இருந்து பிள்ளையைப் பார்ப்பது. என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகி, ஒரு குடம் தண்ணீருக்கு மேல் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இந்த வீட்டில் நான் எண்ணுவதற்கும் கவலைப்படுவதற்கும்தான் இருக்கிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தவனுக்கு அது ஒன்றும் புது வேலை இல்லை.

ஊரில் சிரித்தார்கள். எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில், கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. காலையில் மில் வேன் வந்து ஹாரன் அடித்தால் தெருவே வெளியில் வந்து யார் ஏறுகிறார்கள் என்று பார்க்கும். மருமகள் வேனில் ஏறிப் போவாள். மகன் வாசல் குழாயில் பிள்ளையின் துணியை அலசிக்கொண்டிருப்பான்.

“என்ன மாப்ள, சமையலு ஆச்சா?” என்று எதிர்வீட்டுக்காரர் நக்கலாகக் கேட்பார்.

“ஆச்சு மாமா. அத்தை இன்னும் அடுப்பு பத்த வைக்கல போலயே. தட்டை எடுத்துட்டு வாங்க, ஒரு கரண்டி போடுறேன்.”

கொஞ்ச நாளில் அவர் உண்மையாகவே தட்டோடு வந்துவிட்டார். என் மகன் வைக்கும் பருப்புக் குழம்பு அப்படி.

நான் சொல்ல வந்தது நாற்காலியைப் பற்றி. அரசாங்கம் கொடுத்த நாற்காலி ஒன்று முன்பு இருந்தது. நல்ல நாற்காலிதான். பிள்ளை வளர்ந்து அதற்குள் அடங்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் சரிந்து, முதுகுத்தண்டு வளையத் தொடங்கியது. அருப்புக்கோட்டையில் பயிற்சி கொடுக்கிற அம்மா, இப்படியே விட்டால் மூச்சு விடுவதற்கே கஷ்டமாகிவிடும் என்று எச்சரித்தார். மகன் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் பாளையம்பட்டி பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு ஆபீஸ் நாற்காலியின் எலும்புக்கூட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“ஆடுற லோடை இறுக்கிக் கட்டக் கூடாதுய்யா” என்று என்னிடம் விளக்கினான். “இறுக்குனா உள்ளயே நசுங்கும், இல்லாட்டிக் கயிறை அத்துக்கிட்டுப் போகும். எந்தப் பக்கம் சாயப் பாக்குதுன்னு கண்டுபிடிச்சு, அங்க முட்டு வெச்சு அண்டக் குடுக்கணும். அதுக்குப் பெறகு கட்டு சும்மா பேருக்குத்தான்.”

லாரி சீட்டிலிருந்து உருவிய பஞ்சு மெத்தையை வெட்டி, இடப்பக்க விலாவுக்கு ஒரு திண்டு, வலது இடுப்புக்கு ஒரு திண்டு, முழங்கால் இரண்டுக்கும் நடுவில் ஒரு உருளை வைத்தான். இடுப்புக்கு ஒன்று, நெஞ்சுக்கு ஒன்று, தொடைக்கு இரண்டு, நெற்றிக்கு ஒன்று என ஐந்து பட்டைகள். சரக்குக் கட்டும் நாடாவை அறுத்து, உள்பக்கம் பழைய வேட்டித்துணி வைத்துத் தைத்தவை. பிள்ளையை உட்காரவைத்து, எடுத்து, மறுபடி உட்காரவைத்து, தோலில் எங்காவது சிவப்பு விழுகிறதா என்று பார்த்துப் பார்த்துத் திருத்தினான். பதினோரு தடவை பிரித்துத் தைத்தான். கடைசியில் ஒரு மத்தியானம் பேத்தி அதில் நேராக உட்கார்ந்து, எதிர்வீட்டு ஆட்டைப் பார்த்தாள். அதுவரை அவள் உலகத்தைச் சரிந்த மாதிரிதான் பார்த்திருக்கிறாள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு என் கணக்கில் இல்லாதது. மருமகள் சொன்ன ஏழாவது வகை அதுதானோ என்னவோ.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவனால் முடியவில்லை. பட்டைகள் கண்ணுக்குத் தெரிவது அவனை உறுத்திக்கொண்டே இருந்தது. லாரிக்காரர்கள் மத்தியில் ஒரு பழக்கம் உண்டாம். கயிறும் முடிச்சும் தெரியும்படி தார்ப்பாய் போட்டுக்கொண்டு வருகிறவனை மற்ற டிரைவர்கள் டீக்கடையில் வைத்துக் கேலி செய்வார்களாம். அதனால் மருமகளின் கத்தரிப்பூ நிறப் பழைய சேலையை எடுத்து நாற்காலிக்கு உறை தைத்தான். இடுப்புப் பட்டையும் தொடைப் பட்டைகளும் பாவாடை மடிப்புக்குள் போயின. நெஞ்சுப் பட்டை சட்டைக்கு மேல் ஒரு ஒட்டுத்துணி மாதிரி தெரிந்தது. நெற்றிப் பட்டையில் ரிப்பன் சுற்றித் தலைமுடியோடு சேர்த்துவிட்டான். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பெண் பிள்ளை தலைவாரிப் பூவைத்து நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும். பக்கத்திலிருந்து பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும்.

இனி பணத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பிள்ளையின் பெயருக்கு மாதா மாதம் ஒரு தொகை முன்பே வந்துகொண்டிருந்தது. தனக்குத் தானே எதுவும் செய்துகொள்ள முடியாத பிள்ளைகளுக்கு, முழு நேரமும் கூட இருந்து பார்த்துக்கொள்கிறவருக்கென்று தனியாக இன்னொரு தொகை உண்டு என்று பயிற்சி கொடுக்கிற அம்மாதான் சொன்னார். எங்கள் பக்கம் அதைக் ‘கூட இருக்கிறவுக பணம்’ என்கிறார்கள். பெரிய தொகை இல்லை. ஆனால் வாரா வாரம் பிள்ளையைப் பயிற்சிக்குக் கூட்டிப்போகிற ஆட்டோவுக்கு அது கட்டுப்படியாகும். ஷேர் ஆட்டோவில் அந்த நாற்காலி ஏறாது. பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர் முகம் கோணும். மருமகளின் சம்பளம் வீட்டுக்கும், என் ஆபரேஷனுக்கு வாங்கிய லோனுக்கும் சரியாகப் போய்விடுகிறது. பயிற்சி நின்றால் பிள்ளையின் கால்கள் மடங்கியே போய்விடும்.

இதற்கிடையில் லாரி முதலாளி போன் போட்டுக்கொண்டே இருந்தார். பொங்கல் முடிந்ததும் குஜராத் லோடு, நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றார். மகனும் மருமகளும் மறுபடி பேசினார்கள். இந்தப் பணம் கிடைத்தால் இப்படியே ஓட்டுவது, கிடைக்காவிட்டால் பொங்கலுக்குப் பிறகு அவன் லாரிக்குப் போவது, பிள்ளையை மதுரையில் ஒரு விடுதியில் விடுவது. விடுதியைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார்கள். சுத்தமான இடம், நல்ல மனிதர்கள் என்றார்கள். மருமகள் அதைச் சொல்லும்போது சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்த்த சட்டியையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

மனு கொடுத்துச் சில வாரங்களில், மாவட்ட அலுவலகத்திலிருந்து பார்வையிட ஆள் வருகிறார்கள் என்று தலையாரி முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். அங்கேதான் நாங்கள் தவறு செய்தோம். எங்கள் பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும் இதே தவறைத்தான் செய்திருப்பார்கள். வீட்டுக்குப் பெரிய ஆள் வருகிறார் என்றால் முதலில் வீட்டைக் கழுவுவோம், அப்புறம் பிள்ளையைக் கழுவுவோம். மருமகள் மில்லுக்கு லீவு போட்டாள். பேத்திக்குப் போன பொங்கலுக்கு எடுத்த பட்டுப்பாவாடை, நெற்றியில் பொட்டு, கண்ணுக்கு மை, தலையில் கனகாம்பரம். மகன் நாற்காலியின் உறையைத் துவைத்து இஸ்திரி போட்டு மாட்டினான். அழுக்குத் துணி வாளி, ஈர மெத்தை, மருந்துப் பெட்டி எல்லாம் பின்பக்கம் போய்விட்டன.

வந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. கையில் கோப்பு, கழுத்தில் அடையாள அட்டை. எங்களிடம் இருந்த நல்ல நாற்காலியில் உட்காரவைத்தோம். பேத்தி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

“பாப்பா நல்லா ஸ்மார்ட்டா இருக்காளே! எவ்வளவு நேரம் இப்படி உட்காருவா?”

மகன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். “காலையில உக்கார வெச்சா மத்தியானம் வரைக்கும் உக்காருவா மேடம். ஒரு பக்கம் சாய மாட்டா.”

பட்டையைப் பற்றிச் சொல்லடா என்று கண்ணால் காட்டினேன். அவனுக்கு அது உறைக்கவில்லை. நானே சொல்ல வாயெடுத்தபோது மருமகள் கலர் பாட்டிலை உடைத்து எல்லோருக்கும் ஊற்ற ஆரம்பித்துவிட்டாள். அந்த அம்மாவுக்கு அன்றைக்கு இன்னும் நான்கு ஊர் பாக்கி இருந்தது. போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தப் படத்தைப் பிறகு நான் பார்த்தேன். பேத்தி அதில் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குப் போகிற பிள்ளை மாதிரி இருந்தாள்.

மனு தள்ளுபடியாகிவிட்டது. காரணம் கேட்டு நான் அலுவலகத்துக்கே போனேன். அங்கிருந்த எழுத்தர் கோப்பைப் பிரித்து வாசித்துக் காட்டினார். ‘தானாக உட்காருகிறாள். முழுநேர உதவி தேவைப்படும் நிலையில் இல்லை.’ நானும் அந்த வேலை பார்த்தவன். வந்து பார்த்த அந்த அம்மாமீது குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்த்ததைத்தான் எழுதியிருந்தார். நாங்கள் காட்டியதைத்தான் பார்த்திருந்தார்.

வீட்டில் வந்து சொன்னதும் மகன் சிரித்துவிட்டான். “எம் மக தானா உக்காருதான்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துருச்சா!”

“அந்தத் தாளை வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுங்க” என்றாள் மருமகள். “ஆட்டோக்காரர் காசு கேட்டா அதைக் காட்டலாம்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “மாமா, ஒங்க மகன் அந்தச் சேருக்குச் சேலை கட்டுன அன்னிக்கே எனக்குத் தெரியும். எனக்கு ஒரு சேலை எடுத்துக் குடுங்கன்னு கேட்டு எத்தனை வருசம் ஆச்சு? சேருக்கு மட்டும் ஒடனே வந்துருச்சு.”

“அதுவும் ஒன் சேலதான்த்தா” என்றேன்.

“அதைத்தான சொல்றேன்!”

மறு மனு கொடுத்தோம். அதற்கு, கலெக்டர் ஆபீஸில் நடக்கிற திங்கட்கிழமைக் குறைதீர்க் கூட்டத்தில் வரிசையில் நின்றது நான்தான். எனக்கு முன்னால் அறுபத்திரண்டு பேர். மறுபடி ஒருமுறை நேரில் வந்து பார்ப்பார்கள், எந்த நாள் என்று சொல்ல முடியாது என்றார்கள். அதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. பொங்கல் நெருங்க நெருங்க எனக்கு நிலைகொள்ளவில்லை. ஒருநாள் மகனிடம் சொன்னேன்.

“ஏலே, இந்தத் தடவை அவுக வரும்போது நெஞ்சுப் பட்டையை மட்டும் கழட்டி விட்டுரு. பிள்ளை சாயட்டும். ஒரு நிமிசம். அவுக கண்ணால பாக்கட்டும்.”

அவன் பிள்ளைக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை.

“கழட்டுனா பயந்துருவாய்யா. பயந்தா ஒடம்பு வெட்டி இழுக்கும். ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது. பணத்துக்காக அவளைப் பயங்காட்டச் சொல்றீகளா?”

“ஒரு நிமிசம்தானப்பா.”

“அவளுக்கு ஏது நிமிசம், மணி? விழுறது விழுறதுதான.” வெட்டிய நகத்தைத் தாளில் மடித்தான். “யாரு வந்தாலும் எம் மக நிமிர்ந்துதான் இருப்பா. பணம் வராட்டிப் போகுது.”

“பணம் வராட்டி விடுதியில போயி யாருடா இவளுக்கு அண்டக் குடுப்பா?”

அவன் அடுத்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். விறைத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவி, அவை தாமாகத் திறக்கும்வரை காத்திருந்து, பிறகு வெட்டினான். எனக்குக் கோபம். ஆனால் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே கோபமாக இருக்க முடியவில்லை.

அவன் சோறு ஊட்டுவதை நீங்கள் பார்க்கவேண்டும். சோற்றைப் பருப்போடு மசித்து, கூழுக்கும் சோற்றுக்கும் நடுவில் ஒரு பதம் வைத்திருக்கிறான். கரண்டியை நேராக நீட்டினால் நாக்கு வெளியே தள்ளிவிடும். அதனால் கன்னத்து ஓரமாகக் கொடுத்து, தாடையை ஒரு விரலால் தாங்கி, தொண்டை அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய். அவள் வாயைத் திறக்கவைக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். குஜராத் ரோட்டில் வரும் ஊர்களை வரிசையாகச் சொல்லுவான். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு ஊர்.

“மதுரை தாண்டியாச்சு. திண்டுக்கல்லு. கரூரு வருது, கரூரு வருது... ஆ! சேலத்துல டீ குடிப்பமா? ஓசூரு செக்போஸ்டு, வாயைத் தெறந்து காட்டு தாயி, உள்ள என்ன சரக்குன்னு பாக்கணுமாம்.”

ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர் என்று போய்க்கொண்டே இருக்கும். புரையேறினால் ‘பஞ்சர்’ என்று நிறுத்துவான். முதுகைத் தட்டிவிட்டுத் திரும்பவும் வண்டியை எடுப்பான். சூரத் வந்தால் கிண்ணம் காலி. சூரத் என்ற பேரைக் கேட்டாலே அவளுக்குச் சிரிப்பு. நான் ஒருநாள் அவளுக்கு அதே ஊர்களைச் சொல்லிப் பார்த்தேன். கரூருக்கு முன்னாலேயே வண்டி நின்றுவிட்டது.

மாவட்ட அலுவலகத்து அம்மா இரண்டாம் தடவை வந்த அன்றைக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மருமகள் மில்லில் இருந்தாள். ஸ்கூட்டர் சத்தம் கேட்டு நான் எட்டிப் பார்த்தபோது அவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே பேத்தி நாற்காலியில், அதே கத்தரிப்பூ உறையோடு, நேராக, ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒரு பட்டைகூடப் பட்டையாகத் தெரியவில்லை. எனக்கு அப்போதே நம்பிக்கை போய்விட்டது.

“வாங்க மேடம், உக்காருங்க” என்றான் மகன், கரண்டியை இறக்காமல். “ஹூப்ளியில நிக்கிறோம். நடுவுல நிறுத்துனா அப்புறம் வாங்க மாட்டா. சூரத்து போயிட்டு வந்துர்றேன்.”

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் உட்கார்ந்து பார்த்தார். பெல்காம், கோலாப்பூர், புனே எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. சூரத்துக்கு ஒரு வாய் முன்னால் பேத்திக்கு இருமல் வந்து, சாப்பிட்டதில் பாதி உறைமீதும் நெஞ்சுப் பட்டைமீதும் வந்துவிட்டது. மகன் பதறவில்லை. நெற்றிப் பட்டையை நீக்கி, மற்ற பட்டைகளை அவிழ்த்து, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டான். சாப்பிட்ட கையோடு அவளைப் படுக்கவைக்கக் கூடாது. படுக்கவைத்தால் உணவு மூக்குக்கும் மூச்சுக்குழாய்க்கும் ஏறிவிடும். நாற்காலியையோ உடனே கழுவியாக வேண்டும். மற்ற நாட்களில் பிள்ளையை ஒரு தோளில் போட்டுக்கொண்டே ஒரு கையால் கழுவுவான். அன்றைக்குச் சுற்றிலும் பார்த்தான். நான் தூக்கக் கூடாதவன்.

“மேடம், இவளைக் கொஞ்சம் புடிங்க. சேரை அலசிட்டு வந்துர்றேன்.”

விருந்தாளி மடியில் பிள்ளையைக் கொடுப்பது மாதிரி கொடுத்துவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டான்.

அந்த அம்மா வேறு வழியில்லாமல் கோப்பைக் கீழே வைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். பத்து வயதுப் பிள்ளையை மடியில் வைப்பது மாதிரிதான் முதலில் வைத்தார். பேத்தியின் தலை பின்னால் தொங்கிப்போயிற்று. “ஐயையோ” என்று ஒரு கையால் தலையைப் பிடித்தார். அதற்குள் இடுப்பு வழுக்கியது. இடுப்பைப் பிடித்தால் தோள் சரிந்தது. கால் விறைத்து நீண்டு, மேசையில் இருந்த கிண்ணத்தைத் தட்டிவிட்டது.

“தலைக்கு முட்டுக் குடுங்க மேடம், முழங்கையை மடக்கி!” குழாயடியிலிருந்து மகனின் குரல் வந்தது. “இடுப்பை ஒங்க வயித்தோட சேத்துக்கங்க. இறுக்காதீங்க. சேத்துக்கிட்டாப் போதும்.”

அவர் அப்படியே செய்தார். பிள்ளை கொஞ்சம் அடங்கினாள். ஆனால் முகம் அழுகைக்குத் தயாரானது. புது மடி, புது வாசனை.

“ஊரு பேரு எதாச்சும் சொல்லுங்க மேடம், சிரிச்சுருவா!”

“ஊர் பேரா?” அந்த அம்மா ஒரு கணம் விழித்தார். பிறகு தனக்குத் தெரிந்த பஸ் வழியைச் சொல்லத் தொடங்கினார். “திருச்சுழி... நரிக்குடி... பார்த்திபனூர்... பரமக்குடி...” பேத்தி அவர் வாயையே பார்த்தாள். இது புது ரோடு. பரமக்குடிக்குச் சிரித்துவிட்டாள். அந்த அம்மாவும் சிரித்தார். பிள்ளையின் எச்சில் அவர் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கவும் அவருக்குக் கையில்லை.

அப்போது அவருடைய கைப்பையில் போன் அடித்தது. அடித்து நின்றது. மறுபடி அடித்தது. அவர் பையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஐயா, அதை எடுங்களேன். ஆபீஸாத்தான் இருக்கும்.”

நான் எடுத்து அவர் காதில் வைத்தேன். எதிர்ப்பக்கம் ஒரு ஆண்குரல் எதையோ அவசரமாகக் கேட்டது.

“சார், அந்த ஃபைல் நம்பர் இப்பச் சொல்ல முடியாது சார்... இல்ல சார், பையிலதான் இருக்கு, எடுக்க முடியாது... ஒரு பிள்ளையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன் சார். கை காலியில்ல.”

சொன்ன பிறகு அவர் குனிந்து தன் இரண்டு கைகளையும் பார்த்தார். நான் போனை எடுத்துப் பைக்குள் வைத்தேன். எவ்வளவு நேரம் பிடித்திருந்தார் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கடிகாரத்தைப் பார்க்கவே தோன்றவில்லை.

மகன் நாற்காலியைத் துடைத்து, வேறு துணி விரித்துக் கொண்டுவந்தான். உறை இன்னும் காயவில்லை. பிள்ளையை வாங்கி உட்காரவைத்து, ஒவ்வொரு பட்டையாகப் போட்டான். அந்த அம்மா கையை உதறிவிட்டுக்கொண்டே அருகில் வந்து பார்த்தார்.

“இத்தனை பட்டையா? அன்னைக்கு இதெல்லாம் எங்க இருந்துச்சு?”

“அன்னைக்கும் இருந்துச்சு மேடம். துணிக்குள்ள.”

“சொல்லியிருக்கலாம்ல?”

மகன் தலையைச் சொறிந்தான். “கயிறு தெரியாமக் கட்டுறதுதான் மேடம் நல்ல கட்டு.”

அந்த அம்மா அவனைக் கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து விலாத் திண்டை அமுக்கிப் பார்த்தார், நெஞ்சுப் பட்டைக்குள் ஒரு விரலை விட்டு அது தளர்வாக இருப்பதைப் பார்த்தார். “நீங்களே செஞ்சதா?” என்றார். ஆமாம் என்றதும் கோப்பை எடுத்து எழுதத் தொடங்கினார். இந்த முறை போனில் படம் எடுத்தபோது உறை இல்லாத நாற்காலியை, ஐந்து பட்டைகளும் தெரிய எடுத்தார். அதற்கு அவன் தடை சொல்லவில்லை. மகள் நிமிர்ந்துதானே இருந்தாள்.

“பார்த்துக்கிறவங்க பேரு? பெரும்பாலும் அம்மா பேருதான் போடுவோம். அம்மா பேரே போட்டுரவா?”

“போட்டுக்கங்க மேடம், யாரு பேரா இருந்தா என்ன” என்றான் மகன்.

“இல்லம்மா” என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகக் கேட்டது. “இவன் பேரை எழுதுங்க. பிள்ளையைப் பாத்துக்கிறது இவன்தான். இவனை மாதிரிப் பாத்துக்கிற ஆளை நான் பாத்ததில்ல.”

இப்படி அவன் எதிரில் நான் எப்போதும் சொன்னதில்லை. அவன் ஈரத் துணியை எடுத்துக்கொண்டு கொடிப்பக்கம் போய்விட்டான். அந்த அம்மா அவன் பெயரை எழுதிக்கொண்டார். கிளம்பும்போது பேத்தியின் கன்னத்தைத் தொட்டு, “பரமக்குடி” என்றார். அவள் சிரித்தாள்.

சாயங்காலம் மருமகள் வேனிலிருந்து இறங்கியதும் எல்லாவற்றையும் சொன்னேன். “என்ன தைரியத்துல ஆபீஸரு மடியில பிள்ளையைக் குடுத்தீங்க? திட்டம் போட்டுச் செஞ்சீங்களா?” என்று அவள் புருஷனைக் கேட்டாள்.

“திட்டமெல்லாம் இல்ல. அவுக கை சும்மா இருந்துச்சு.”

மருமகள் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பை நிறுத்த முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தபோது அது சிரிப்பு மட்டும் இல்லை என்று தெரிந்தது.

பொங்கலுக்கு முந்தின வாரம், பணம் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மாட்டுப்பொங்கலன்றைக்கு லாரி முதலாளி கூப்பிட்டார். மகன் பேத்தியின் முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சியில் இருந்தான். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினான். “வரல அண்ணாச்சி. வேற ஆளைப் பாருங்க. இல்ல அண்ணாச்சி, கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. வீட்டுல வேலை கெடக்கு.” பேசி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

எனக்கு இப்போது அடுத்த வருடத்தைப் பற்றிக் கவலை. வருடா வருடம் மறுபடி பார்ப்பார்கள் என்று சொல்கிறார்கள். வேறு ஆள் வந்தால் என்ன செய்வது? பிள்ளை இன்னும் வளர்ந்துவிட்டால் இந்த நாற்காலி போதுமா? நேற்று அவனிடம் சொன்னேன், புது உறை தைக்கும்போது நெஞ்சுப் பட்டையையாவது வெளியே தெரிகிற மாதிரி விடு என்று. மருமகளுக்கு ஒரு வழியாகப் புதுச்சேலை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவளுடைய பச்சை நிறப் பழைய சேலையை உறைக்கு வெட்டிக்கொண்டிருந்தான்.

“அதெப்புடிய்யா தெரிய விடுறது?” என்றான். “அடுத்த வருசம் யாரு வந்தாலும் அவுகளும் கொஞ்ச நேரம் புடிக்கட்டும்.”

பட்டைகள் எல்லாவற்றையும் பச்சைத் துணிக்குள் வைத்துத் தைத்துவிட்டான். எத்தனை இருக்கின்றன என்று தொட்டுத்தான் எண்ண வேண்டியிருக்கிறது. நான் தொட்டு எண்ணிப் பார்த்தேன். ஆறு. தோளுக்கு ஒன்று புதிதாகச் சேர்த்திருக்கிறான்.